மணப்பெண் வேடத்தில் தோர், குட்டி ஈன்ற லோகி: நார்ஸ் புராணத்தில் ஆண்மை என்பது என்ன?

நார்ஸ் புராணத்தை, அதாவது வைக்கிங் கால ஸ்காண்டிநேவியரின் பழைய தெய்வக் கதைகளை, வைத்து இணையத்தில் இரண்டு விதமான பேச்சு ஓடுகிறது. ஒரு தரப்பினர் இடித்தெய்வம் தோரின் சுத்தியலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வைக்கிங் என்றாலே தாடி, கோடரி, கலங்காத ஆண் என்கிறார்கள். இன்னொரு தரப்பினர், தந்திரத் தெய்வம் லோகி பெண் குதிரையாக மாறிக் குட்டி ஈன்றான், தெய்வங்களின் தலைவன் ஓடின் பெண்களின் மந்திரத்தைக் கற்றான், ஆகவே அந்தச் சமூகத்துக்கு ஆண், பெண் என்ற கோடே பெரிய விஷயமாக இருக்கவில்லை என்கிறார்கள். 2017-ல் ஸ்வீடனின் பிர்கா என்ற வைக்கிங் கால நகரத்தில் ஆயுதங்களோடு புதைக்கப்பட்டிருந்தவர் பெண் என்று மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகு இந்தச் சண்டை இன்னும் சூடானது.

இரண்டு தரப்பும் சொல்லும் கதைகள் மூல நூல்களில் உண்மையிலேயே இருக்கின்றன. யாரும் இட்டுக்கட்டவில்லை. கதையிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கோளாறு. அந்த உலகத்தில் ஆண்மை என்பது ஆணாகப் பிறந்தவனுக்குச் சாகும்வரை நிலைத்திருக்கும் சொத்தாக இல்லை. ஊர் நடுவில் யாரோ ஒருவர் சொல்லும் ஒரே வார்த்தையில் அது போய்விடும். மனிதர்களுக்கு உயிர்ப் பயமாக இருந்த அந்த விஷயத்தைப் புராணம் தெய்வங்களின் தலையில் ஏற்றிப் பார்க்கிறது, அதுவும் திரும்பத் திரும்ப. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில், எழுதிவைத்தது யார்?

ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது 1000-ஆம் ஆண்டு வாக்கில். நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துகளோ பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. நான்கு வகைச் சான்றுகள் இருக்கின்றன:

1. எட்டாப் பாடல்கள். தெய்வங்களையும் வீரர்களையும் பற்றிய பழம்பாடல்கள். பெரும்பகுதி 1270 வாக்கில் எழுதப்பட்ட ஒரே ஒரு சுவடியில்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது 45 தாள்கள். 1662-ல் டென்மார்க் அரசருக்குப் போன அந்தச் சுவடி 1971-ல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது.

2. ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லூசன் 1220 வாக்கில் எழுதிய, அதே தெய்வக் கதைகளைச் சொல்லும் உரைநடை எட்டா, அவர் பெயரிலேயே வழங்கும் நார்வே அரசர்களின் வரலாறு.

3. சாகாக்கள். ஐஸ்லாந்துக் குடும்பங்களின் பகை, திருமணம், வழக்கு, கொலை ஆகியவற்றைச் சொல்லும் நீண்ட உரைநடைக் கதைகள்.

4. சட்ட ஏடுகள். ஐஸ்லாந்தின் கிராகாஸ், நார்வேயின் குலாதிங் சட்டம்.

எழுதியவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்பதால், இதெல்லாம் பாதிரிகள் சேர்த்த சரக்கு என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. பாட்டு, கதை, சட்டம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்களில் ஒரே வசை, சில சமயம் ஒரே எண்ணிக்கையோடு, வருகிறது. ஒரு துறவி தனியாக உட்கார்ந்து கற்பனை செய்தால் இப்படி அமையாது. அந்த எண்ணிக்கைக்குப் பிறகு வருகிறேன்.

## மூன்று சொற்கள்

இந்த மூன்றும் இல்லாமல் மேலே போக முடியாது.

1. எர்கி. ஆணைக் குறித்துச் சொன்னால் கோழைத்தனம், உடலுறவில் பெண்ணின் இடத்தை ஏற்பது, பெண்களுக்குரிய மந்திரத்தில் இறங்குவது மூன்றையும் சேர்த்துக் குறிக்கும். பெண்ணைக் குறித்துச் சொன்னால் அடங்காத காமம். இந்தப் பழி உள்ளவன் 'ஆர்கர்', எழுத்து இடம் மாறி 'ராகர்' என்றும் சொல்வார்கள்.

2. நீத். அந்தப் பழியை ஊரறியச் சுமத்துவது. பாட்டாகப் பாடலாம், மரத்தில் செதுக்கியும் நடலாம். பியோர்ன் என்ற கவிஞரின் சாகாவில், ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பதுபோல இரண்டு ஆண்களின் உருவம் எதிரியின் எல்லையில் காணப்படுகிறது. பார்த்தவர்கள் இருவருக்குமே இது நல்லதல்ல என்கிறார்கள், ஆனால் முன்னால் நிற்பவனுக்குத்தான் அதிகக் கேடு என்றும் சொல்கிறார்கள். ஆணும் ஆணும் சேர்வதைவிட, கீழே இருப்பவன் யார் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. இன்றைய 'ஒருபால் ஈர்ப்பு' என்ற வகைப்பாட்டை அப்படியே கொண்டுபோய் அங்கே பொருத்தினால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

3. ஸெய்த். வருவதைக் கூறவும், ஒருவரின் அறிவையும் வலிமையையும் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்கவும், நோயையும் சாவையும் ஏவவும் உதவிய மந்திரக் கலை. கையில் கோலோடு ஊர் ஊராகப் போய் இதைச் செய்த பெண்ணுக்கு வோல்வா என்று பெயர். எரிக்கின் சாகாவில் கிரீன்லாந்தில் வாழ்ந்த தோர்பியோர்க் என்ற வோல்வாவுக்குப் பண்ணை வீட்டில் உயர்ந்த இருக்கை போட்டு, தனிச் சமையல் செய்து உபசரிக்கிறார்கள். அவள் அணிந்த நீல மேலாடை முதல் பூனைத்தோல் கையுறை வரை சாகா நிறுத்தி நிதானமாக விவரிக்கிறது. பெண் செய்தால் மரியாதை, ஆண் செய்தால் எர்கி.

## ஒரு வார்த்தைக்கு விலை ஓர் உயிர்

கிராகாஸ் சட்டம் மூன்று வசைச் சொற்களைக் குறிப்பிட்டே சொல்கிறது. ராகர் அதில் ஒன்று. மற்ற இரண்டும் இன்னொரு ஆணால் புணரப்பட்டவன் என்று பொருள்படும் சொற்கள். இவற்றில் ஒன்றை ஒருவனைப் பார்த்துச் சொன்னால், சொன்னவனுக்கு முழு நாடுகடத்தல், அதாவது சட்டப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். அதோடு, வசை வாங்கியவனுக்குச் சொன்னவனைக் கொல்லும் உரிமையும் உண்டு. தன் வீட்டுப் பெண்ணைக் கெடுத்தவனைக் கொல்ல எந்த அளவு உரிமை இருந்ததோ அதே அளவு உரிமை.

நார்வேயின் குலாதிங் சட்டம் இன்னும் நுணுக்கமானது. ஒருவனைப் பார்த்துப் பிள்ளை பெற்றவன் என்பதும், பெண் குதிரை, பெட்டை நாய் என்று விலங்கின் பெண்பாலோடு ஒப்பிடுவதும் முழு இழப்பீடு கொடுக்கவேண்டிய குற்றங்கள். நடக்கவே முடியாததைச் சொல்லி இழிவுபடுத்துவதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: 'ஒவ்வொரு ஒன்பதாம் இரவும் அவன் பெண்ணாகிறான்' என்பது. இப்போது அந்த எண்ணைப் பின்தொடருங்கள்:

1. எட்டாப் பாடல் ஒன்றில் சின்ஃபியோட்லி என்ற வீரன் எதிரியைப் பார்த்து, நீ ஒரு தீவில் வோல்வாவாக இருந்தாய், உனக்கும் எனக்கும் ஒன்பது ஓநாய்கள் பிறந்தன, எல்லாவற்றுக்கும் தகப்பன் நான்தான் என்கிறான்.

2. 980-களில் ஐஸ்லாந்துக்கு மதம் பரப்ப வந்த ஃப்ரீட்ரெக் என்ற சாக்சன் பிஷப்பையும் அவரோடு வந்த தோர்வால்டையும் கேலி செய்து, பிஷப் ஒன்பது பிள்ளை பெற்றார், ஒன்பதுக்கும் அப்பன் தோர்வால்ட் என்று பாட்டுக் கட்டினார்கள். பாட்டுக் கட்டிய இருவரைத் தோர்வால்ட் கொன்றுவிட்டார். இத்தனைக்கும் அன்பைப் போதிக்க வந்த கூட்டம்.

3. நியாலின் சாகாவில் ஒரு பெரிய கொலை வழக்கு சமாதானமாக முடியப்போகிறது. பணம் குவித்து வைத்தாயிற்று. அதன் மேல் ஒரு பட்டு அங்கி போடப்பட்டிருப்பதைப் பார்த்த ஃப்ளோசி என்ற தலைவன், யார் போட்டது, அந்தத் தாடி இல்லாத கிழவனா, அவன் ஆணா பெண்ணா என்றே பலருக்குத் தெரியாதே என்று நியாலைக் கிண்டல் செய்கிறான். உடனே நியாலின் மகன் ஸ்கார்ப்ஹெதின் ஒரு கால்சட்டையைத் தூக்கி அவன் மேல் எறிந்து, இது உனக்குத்தான் தேவைப்படும், ஸ்வினஃபெல் பூதம் ஒவ்வொரு ஒன்பதாம் இரவும் உன்னைப் பெண்ணாக்குகிறதாமே என்கிறான். ஃப்ளோசி பணத்தை எட்டி உதைக்கிறான். சமாதானம் அங்கேயே செத்தது. கடைசியில் நியாலின் வீட்டைச் சுற்றி வளைத்து, உள்ளே ஆட்களோடு எரிக்கிறார்கள்.

இந்தக் காட்சியில் யாரும் யாரையும் கத்தியால் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் அங்கி, ஒரு கால்சட்டை, தாடி இல்லாத ஒரு முகம், இவ்வளவுதான். நியால் சட்ட அறிவில் நாடே மதித்த மனிதர், அப்படிப்பட்டவருக்கும் முகத்தில் முடி முளைக்காதது வாழ்நாள் முழுவதும் பலவீனமான இடம். எரியும் வீட்டிலிருந்து வெளியே வரச் சொல்லி அழைக்கும்போது அவர் மறுக்கும் காரணமும் இதோடு சேர்ந்ததுதான்: நான் கிழவன், என் மகன்களுக்காகப் பழிவாங்கும் தெம்பு இல்லை, அவமானத்தோடு வாழ விரும்பவில்லை.

## மூன்று தெய்வங்கள், மூன்று வழிகள்

இப்போது புராணத்துக்கு வருவோம். கேட்டுக்கொண்டிருந்த மனிதர்களுக்கு உயிர் போகும் விஷயமாக இருந்த அதே எர்கி, மூன்று முக்கியமான தெய்வங்களின் கதையில் நடுநாயகமாக இருக்கிறது.

தோர். அவனுடைய சுத்தியலைத் த்ரிம் என்ற அரக்கன் திருடிப் பூமிக்கு அடியில் புதைத்துவிட்டு, ஃப்ரேயா என்ற பெண் தெய்வத்தை மணமுடித்துக் கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். ஃப்ரேயா கோபத்தில் மூச்சு விட்டதில் மண்டபமே அதிர்ந்து அவள் கழுத்து நகை தெறித்து விழுகிறது. அங்கே போனால் ஆண்களுக்கு அலைகிறவள் என்று என்னைச் சொல்வார்கள் என்கிறாள். எர்கி என்ற பழியின் பெண் வடிவம் இதுதான். அப்புறம் தேவர்களில் ஒருவனான ஹைம்டால் ஒரு யோசனை சொல்கிறான்: தோருக்கே மணப்பெண் வேடம் போடுவோம். மணப்பெண்ணின் துணி, முழங்கால் வரை தொங்கும் பெண் உடை, மார்பில் கற்கள் பதித்த நகை, இடுப்பில் கலகலக்கும் சாவிக்கொத்து. சாவி என்பது வீட்டுத் தலைவியின் அடையாளம், அதுவரை யோசித்திருக்கிறார்கள்.

தோரின் பதில் ஒரே வரி: தேவர்கள் என்னை ஆர்கர் என்பார்கள். அரக்கர்களைக் கண்டு அஞ்சாத தோர் அஞ்சியது இந்தச் சொல்லுக்கு. லோகி அவனை அடக்குகிறான்: பேசாதே, சுத்தியலை மீட்காவிட்டால் அரக்கர்கள் சீக்கிரமே நம் இருப்பிடமான ஆஸ்கார்டில் குடியேறிவிடுவார்கள். தோர் கிளம்புகிறான், லோகி தோழிப்பெண்ணாகக் கூடவே போகிறான், அதுவும் எந்தத் தயக்கமும் இல்லாமல். விருந்தில் மணப்பெண் ஒரு காளையையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மதுவையும் குடித்து முடிக்கிறாள். திருமணத்தை ஆசீர்வதிக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து மணப்பெண்ணின் மடியில் வைக்கிறார்கள். பிறகு நடப்பது படுகொலை. த்ரிம் மட்டும் இல்லை, மணப்பெண்ணிடம் சீர் கேட்டு வந்த அவன் வயதான சகோதரியும் செத்துப்போகிறாள்.

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் பாடல் தோரைக் கடைசிவரை ஆர்கர் என்று சொல்லவில்லை. ஆயுதம் கைக்கு வந்ததும் பழி ரத்தத்தில் கழுவப்படுகிறது.

ஓடின். இவன் கதையில் கழுவுதல் கிடையாது. ஸ்னோரியின் அரசர் வரலாறு சொல்வதன்படி, ஸெய்த் என்பது தெய்வங்களின் இரண்டு குலங்களில் ஒன்றான வானிரின் கலை, அதை ஓடினும் தோரும் சேர்ந்த ஏசிர் குலத்துக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஃப்ரேயா. ஓடின் அதைத் தானே செய்தான். இந்தக் கலையோடு எவ்வளவு எர்கி ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால், ஆண்கள் இதைச் செய்வது வெட்கக்கேடு எனக் கருதப்பட்டுப் பெண் பூசாரிகளுக்கே கற்பிக்கப்பட்டது என்று ஸ்னோரி எழுதுகிறார். இரண்டு வாக்கியமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆண்களுக்கு வெட்கக்கேடு, ஆண் தெய்வங்களின் தலைவனோ அதில் கைதேர்ந்தவன். ஸ்னோரி இதைச் சரிக்கட்ட முயலவே இல்லை, அதற்காகவே அந்த இடத்தை நான் நம்புகிறேன்.

ஓடின் எப்போதும் பெறுவதற்காகக் கொடுப்பவன். அறிவுக் கிணற்றில் ஒரு குடிக்குக் கண்ணைக் கொடுத்தான், ரூன் எழுத்துகளுக்காக ஒன்பது இரவு மரத்தில் தொங்கினான். ஸெய்த்துக்காக அவன் கொடுத்த விலை ஆண் என்ற பெயர். என் பார்வையில் மூன்றும் ஒரே வரிசைதான். மூன்றாவதைப் பலர் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் வீரன் கண்ணை இழப்பது கம்பீரமாக இருக்கிறது, இது அப்படி இல்லை.

லோகி. ஆஸ்கார்டுக்கு மதில் கட்ட ஓர் அரக்கன் வருகிறான். ஒரே குளிர்காலத்தில் முடித்தால் ஃப்ரேயா, சூரியன், நிலா மூன்றும் கூலி. ஸ்வாடில்ஃபாரி என்ற ஆண் குதிரையின் பலத்தில் வேலை மூன்று நாள் மிச்சம் இருக்கும்போதே முடிகிற நிலைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒப்பந்தத்துக்கு யோசனை சொன்னது நீதானே, ஏதாவது செய், இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று தேவர்கள் லோகியை மிரட்டுகிறார்கள். அவன் பெண் குதிரையாகி அந்த ஆண் குதிரையைக் காட்டுக்கு இழுத்துப் போகிறான். மதில் வேலை நின்றுபோகிறது. அரக்கனைத் தோர் கொல்கிறான். லோகி பிறகு எட்டுக் கால் குட்டி ஒன்றை ஈனுகிறான், அதுதான் ஸ்லெய்ப்னிர், குதிரைகளிலேயே சிறந்தது, ஓடினின் வாகனம்.

குலாதிங் சட்டத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு இந்தக் கதையைத் திரும்பப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். பெண் குதிரையோடு ஒப்பிடுவது, பிள்ளை பெற்றவன் என்பது, இரண்டும் சட்டம் தடை செய்த வசைகள். லோகியின் விஷயத்தில் அவை நடந்த நிகழ்ச்சிகள்.

பிறகு கடல் தெய்வம் ஏகிரின் விருந்தில் லோகி எல்லாத் தேவர்களையும் வரிசையாக அவமானப்படுத்தும் பாடல் வருகிறது. ஓடின் அவனைப் பார்த்து, நீ எட்டுக் குளிர்காலம் பூமிக்கடியில் பால் கறக்கும் பெண்ணாக இருந்து பிள்ளை பெற்றாய், அது ஆர்கரின் குணம் என்கிறான். லோகி திருப்பி அடிக்கிறான்: நீ சாம்சே தீவில் வோல்வாக்களைப்போல ஸெய்த் செய்தாய், மந்திரவாதியின் உருவத்தில் மனிதர் நடுவே திரிந்தாய், அதுவும் ஆர்கரின் குணம்தான். இருவரும் ஒரே வாக்கியத்தில் முடிக்கிறார்கள். யாரும் மறுக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

## அவமானத்திலிருந்து வந்த செல்வங்கள்

இந்த மூன்று கதைகளிலும் தேவர்களுக்கு என்ன மிஞ்சியது என்று கணக்குப் பாருங்கள்:

1. ஆஸ்கார்டைக் காக்கும் சுத்தியல் திரும்பி வந்தது மணப்பெண் வேடத்தால்.
2. எதிர்காலத்தை அறியும் சக்தி வந்தது பெண்களின் மந்திரத்தால்.
3. செத்தவர்களின் உலகம் வரை போகக்கூடிய குதிரை வந்தது ஓர் ஆண் தெய்வத்தின் வயிற்றிலிருந்து.

மூன்றாவதும் இரண்டாவதும் ஒன்றோடொன்று சேரவும் செய்கின்றன. தன் மகன் பால்டர் கெட்ட கனவுகள் கண்டபோது ஓடின் அந்த ஸ்லெய்ப்னிரில் ஏறித்தான் ஹெல் உலகுக்குப் போய், இறந்த ஒரு வோல்வாவை எழுப்பிக் கேள்வி கேட்கிறான். ஆண்மையின் விதிகளை மட்டும் கடைப்பிடித்திருந்தால் தேவர்களிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இருந்திருக்காது. தைரியத்தாலும் தசையாலும் எட்ட முடியாத சக்திகள் இருந்தன, அவை ஆண்கள் தொடக்கூடாது என்று விலக்கிய பக்கத்தில் இருந்தன என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மக்கள் இதை மறைக்காமல் பாட்டாகவே பாடினார்கள் என்பதுதான் என்னை இந்தப் புராணத்திடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

ஆனால் இதை விடுதலையாக எடுத்துக்கொள்பவர்கள் ராக்ன்வால்டின் கதையைப் படிக்க வேண்டும். நார்வே அரசர் ஹரால்டின் மகன்களில் ஒருவன் ராக்ன்வால்ட், அவன் ஸெய்த் செய்தான். அரசருக்கு அந்தக் கலையின் மேல் வெறுப்பு. பிறகு வந்தவன் அவன் சகோதரன் எரிக், ரத்தக்கோடரி எரிக் என்று பெயர் வாங்கியவன். ராக்ன்வால்டையும் அவனோடு ஸெய்த் செய்த 80 ஆண்களையும் வீட்டுக்குள் வைத்து எரித்தான். இந்தச் செயல் மிகவும் பாராட்டப்பட்டது என்று ஸ்னோரியின் வரலாறு சொல்கிறது. ஓடினுக்குக் கிடைத்த விலக்கு ஓடினைப் பின்பற்றியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தெய்வம் கோட்டைத் தாண்டுகிறது என்பதை வைத்து அந்த ஊரில் கோடே இல்லை என்று சொல்வது, எரிந்துபோன அந்த 81 பேரை மறந்துவிட்டுப் பேசுவது.

## பெண்கள் மேலே ஏறும்போது

அரக்கன் த்யாசியைத் தேவர்கள் கொன்றபோது அவன் மகள் ஸ்காதி தலைக்கவசமும் சங்கிலி உடையும் அணிந்து, ஆயுதங்களோடு ஆஸ்கார்டுக்கே பழிவாங்க வந்து நின்றாள். தேவர்கள் சிரிக்கவில்லை. ஒரு மகனுக்குக் கொடுப்பதுபோலவே அவளுக்கு இழப்பீடு கொடுத்தார்கள்: தேவர்களில் ஒருவனைக் கணவனாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பாதத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகான பாதம் பால்டருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கடலோடு சேர்ந்த தெய்வமான நியோர்தைத் தேர்ந்தெடுத்தாள். மலையில் பனிச்சறுக்கி வேட்டையாடும் அவளுக்குக் கடற்கரையும் கடற்பறவைச் சத்தமும் பிடிக்கவில்லை, அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை.

ஸ்காதி வெறும் கற்பனைப் பாத்திரம் இல்லை, அவளுக்குச் சட்டத்தில் ஒரு நிழல் இருக்கிறது. கிராகாஸில் ஒரு விதி: தகப்பனுக்கு ஒரே வாரிசாக இருக்கும் மணமாகாத மகள், கொலைக்கான இழப்பீட்டை மகனைப்போலவே வாங்கவும் கொடுக்கவும் வேண்டும். திருமணம் ஆனதும் அந்த நிலை போய்விடும். ஹெர்வோர் என்ற வீராங்கனையின் கதையும் இதே வடிவம்தான். இறந்த தகப்பனின் சமாதி மேட்டுக்கு ஆண் பெயரில் போய் வாளைப் பிடுங்கிவந்தவள், பல போர்களுக்குப் பிறகு வீடு திரும்பித் தையல் வேலை கற்றுக்கொள்கிறாள். ஆண் இல்லாத இடத்தில் பெண் அந்த இடத்தை நிரப்பலாம், ஆண் வந்ததும் இறங்கிவிட வேண்டும்.

ஆயுதம் எடுக்காத பெண்களின் சக்தி நாக்கில் இருந்தது. நியாலின் சாகாவில் ஃப்ளோசியின் சகோதரன் மகள் ஹில்டிகுன் தன் கணவனின் ரத்தம் தோய்ந்த மேலாடையை ஃப்ளோசியின் தோளில் போர்த்துகிறாள். உறைந்த ரத்தம் அவன் மேல் உதிர்கிறது. பழிவாங்கவில்லையென்றால் நீ எல்லோருக்கும் ஈனப்பிறவி என்கிறாள். சட்டம் தடுத்த அதே பழியை, வீட்டுக்குள், உறவின் உரிமையோடு அவள் சொல்லிவிட்டாள். ஃப்ளோசியால் அவளைக் கொல்லவும் முடியாது, கேட்காதது மாதிரி போகவும் முடியாது. ஆண்மையை அளக்கும் கோல் பல நேரம் பெண்கள் கையில் இருந்தது என்பதை இந்த ஒரு காட்சி போதுமான அளவு காட்டுகிறது.

உடையிலும் சட்டம் இரண்டு பக்கமும் கறாராக இருந்தது. ஆண் உடை அணிந்து, ஆணைப்போல முடி வெட்டி, ஆயுதம் ஏந்தும் பெண்ணுக்கு மூன்றாண்டு நாடுகடத்தல். லாக்ஸ்டேலா சாகாவில், கால்சட்டை அணிந்தாள் என்று காரணம் காட்டி ஆவ்த் என்ற மனைவியை தோர்த் விவாகரத்து செய்கிறான். ஒரு நாள் இரவு குதிரையில் வந்து அவள் அவனை வாளால் வெட்டுகிறாள், அன்று நிச்சயமாகக் கால்சட்டை அணிந்துதான் வந்தாள் என்கிறது சாகா. தோர்த் பிழைத்துக்கொண்டான். துரத்திப் போகவேண்டாம், அவள் செய்யவேண்டியதைத்தான் செய்தாள் என்று சொல்லிவிட்டான்.

## ஒரே ஏணியா?

இதையெல்லாம் சேர்த்து விளக்க 1993-ல் அமெரிக்க ஆய்வாளர் கேரல் குளோவர் ஒரு கருத்தை வைத்தார். அங்கே ஆண், பெண் என்று இரண்டு தனிப் பெட்டிகள் இல்லை, ஒரே ஏணிதான் இருந்தது. மேலே உறுதியும் செயல்வேகமும், கீழே மென்மையும் இயலாமையும். பெரும்பாலும் ஆண்கள் மேலே, பெண்கள் கீழே, ஆனால் ஏறவும் இறங்கவும் முடியும். கிழவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு எகில் ஒரு சாட்சி. இளமையில் கொலைகளும் கவிதைகளுமாக வாழ்ந்தவர், முதுமையில் கண்ணும் காதும் போய், மோஸ்ஃபெல் பண்ணையில் தடுக்கி விழும்போது பெண்கள் சிரிக்கிறார்கள். குளிருக்கு அடுப்பருகே போனால், காலில் இடறாமல் தள்ளிப் போ என்று சமையல்காரி விரட்டுகிறாள்.

இந்தக் கருத்து பெரும்பாலும் பொருந்துகிறது. இருந்தாலும் ஏணி ஒன்றுதான் என்பதால் எல்லோரும் ஒரே படியில் தொடங்கினார்கள் என்று ஆகிவிடாது. பெண் நீதிபதியாக அமர முடியாது, கோதி என்னும் தலைவர் பதவியைத் தானே நடத்த முடியாது. மேலும், பெண் ஏறினால் கிடைத்தது வியப்பும் சில சமயம் தண்டனையும். ஆண் இறங்கினால் கிடைத்தது சாவு அல்லது சாவுக்குச் சமமான பெயர். அந்தப் பயம் ஆண்களை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்று நியாலின் வீடு எரிந்த விதத்தைப் பார்த்தால் தெரியும். இதைப் பொற்காலமாகக் காட்டி இன்றைய பையன்களுக்கு விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கதைகளிலேயே அந்தப் பெருமையின் விலை எழுதியிருக்கிறது.

## பிர்கா கல்லறை எங்கே பொருந்தும்?

பிஜே 581 என்று எண்ணிடப்பட்ட அந்தக் கல்லறையை ஹ்யால்மர் ஸ்டோல்பே 1878-ல் தோண்டினார். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், போர்க்கத்தி, இரண்டு கேடயம், இரண்டு குதிரை, பலகை விளையாட்டுக் காய்கள். காலம் 10-ஆம் நூற்றாண்டு. இவ்வளவு ஆயுதம் இருந்ததால் ஆண் என்றே நூறாண்டுக்கு மேல் எழுதிவந்தார்கள். 2017-ல் ஷார்லோட் ஹெடன்ஸ்டியர்னா-யான்சன் குழு எலும்பின் மரபணுவைச் சோதித்துப் பெண் என்று அறிவித்தது. ஜூடித் ஜெஷ் போன்ற வைக்கிங் கால ஆய்வாளர்கள் அந்த முடிவு அவசரமானது என்று விமர்சித்தார்கள், குழு 2019-ல் விரிவாகப் பதில் எழுதியது.

இதில் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்:

1. உடல் யாருடையது? மரபணு பதில் சொல்லிவிட்டது, பெண்.
2. புதைத்தவர்கள் அவரை எப்படிக் காட்ட விரும்பினார்கள்? ஆயுதம் தாங்கிய உயர்குடி ஆளாக. அதைப் பொருட்களே காட்டுகின்றன.
3. அவர் உண்மையில் போரிட்டாரா, தன்னை எப்படி நினைத்தார், ஊர் அவரை எந்தச் சொல்லால் அழைத்தது? எலும்பும் இரும்பும் தனியாக இதைச் சொல்லாது.

முதல் கேள்விக்கான பதிலை மூன்றாவதற்கான பதிலாகக் காட்டுவதுதான் செய்திகளில் நடந்த தவறு. எதிர்த்தரப்பிலும் ஒரு தவறு இருந்தது. ஆணின் எலும்பாக இருந்தபோது யாரும், இவர் உண்மையில் போரிட்டாரா, ஆயுதங்கள் வெறும் அடையாளமா என்று கேட்கவே இல்லை. பெண் என்றதும் அத்தனை சந்தேகமும் வந்தது. சந்தேகம் நல்லதுதான், எல்லாக் கல்லறைக்கும் ஒரே அளவில் வரவேண்டும்.

என் கணிப்பில், ஸ்காதியின் கதையையும் ஒரே வாரிசான மகளுக்கான அந்தச் சட்டத்தையும் வைத்துப் பார்த்தால், 10-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் ஆயுதத் தலைமையில் இருந்திருப்பது அந்த மக்களின் சிந்தனைக்கு எட்டாத ஒன்றல்ல. அதே சமயம் வாளோடு புதைக்கப்பட்ட பெண்கள் ஏராளம் என்று சொல்ல இந்த ஒரு குழி போதாது. பொருட்களை மட்டும் பார்த்து ஆண், பெண் என்று பெயர் எழுதப்பட்ட கல்லறைகள் ஸ்காண்டிநேவியா முழுவதும் இருக்கின்றன. அவற்றில் எலும்பு மிஞ்சியிருக்கும் இடங்களில் எல்லாம் இதே சோதனையைச் செய்தால்தான், பிஜே 581 ஒரு விதிவிலக்கா, இதுவரை நாம் பார்க்கத் தவறிய ஒரு வழக்கத்தின் முதல் உதாரணமா என்பதைச் சொல்ல முடியும்.